22–32 செ.மீ.: ஒரு பிபி கருவியும் அதற்குள் அடங்காத என் கையும்

வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் ரத்த அழுத்தக் கருவி ஒன்றை வாங்கிப் பதினொரு மாதங்கள் ஆகின்றன. மேற்கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால், தானே காற்றை ஏற்றி, தானே இறக்கி, மேல் அளவு, கீழ் அளவு, நாடித்துடிப்பு மூன்றையும் திரையில் காட்டும் வகை அது. இத்தகைய கருவிகளைப் பற்றி இணையக் கடைகளில் கருத்துகளுக்குக் குறைவில்லை. பெட்டி நசுங்காமல் வந்ததா, மின்கலம் உடன் இருந்ததா, எழுத்து பெரிதாகத் தெரிகிறதா என்பதையெல்லாம் அங்கே படிக்கலாம். கைப்பட்டையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் '22–32 செ.மீ.' என்ற வரியைப் பற்றி, அதாவது எந்தச் சுற்றளவுள்ள கைக்கு அந்தப் பட்டை பொருந்தும் என்பதைப் பற்றி மட்டும் எவரும் எழுதி நான் பார்க்கவில்லை. உடல் பருத்தவர்களுக்கு இந்தக் கருவியில் முதன்மையான செய்தி அந்த ஒரு வரிதான் என்பதால், இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

நிறுவனத்தின் பெயரையும் கடையின் பெயரையும் குறிப்பிடப் போவதில்லை. நான் விசாரித்த கடைகளில் இருந்த பெரும்பாலான கருவிகளின் நிலை இதுவே. ஒருவரை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது.

வாங்கிய காலத்தில் என் எடை 104 கிலோ, உயரம் 172 செ.மீ. அதாவது உடல் நிறை குறியீடு 35. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்றும் 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்றும் நம் நாட்டு மருத்துவர்கள் கணக்கிடுவதால், என் நிலையைப் பற்றி விவாதிக்க இடமில்லை. அலுவலகத்தில் நடந்த பொது மருத்துவப் பரிசோதனையில் என் ரத்த அழுத்தம் 158/98 என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு முறை பார்த்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம், வீட்டில் ஒரு வாரம் பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள் என்று எங்கள் குடும்ப மருத்துவர் சொல்ல, திருச்சியில் உள்ள ஒரு சர்ஜிக்கல் கடைக்குச் சென்று 2,190 ரூபாய்க்கு இந்தக் கருவியை வாங்கினேன். கடைக்காரர் என் கையை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. செருப்பு வாங்கப் போனால் கால் அளவைக் கேட்பார்கள், பிபி கருவிக்குக் கை அளவைக் கேட்க வேண்டும் என்று அவருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

முதல் நாளே தொல்லை தொடங்கிவிட்டது. பட்டையைச் சுற்றினால் வெல்க்ரோ ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் ஒட்டியது. காற்று ஏறி இறுகும்போது, சரக்கென்ற சத்தத்துடன் பட்டை பிரிந்து கழன்றது. மறுபடி முயன்றபோது, பிழை என்பதைக் குறிக்கும் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து திரையில் தோன்றியது. மூன்றாவது முறை என் மனைவி பட்டையின் முனையைக் கையால் பிடித்துக்கொள்ள, 163/99 என்று காட்டியது. ஒரு வாரம் இப்படியே பிடித்தும் இழுத்தும் பார்த்து எழுதிய குறிப்பேட்டுடன் மருத்துவரிடம் சென்றேன்.

அவர் எண்களைப் படிப்பதற்கு முன் மேசை இழுப்பறையிலிருந்து தையற்காரர் வைத்திருப்பதைப் போன்ற ஓர் அளவுநாடாவை எடுத்தார். தோள்பட்டை எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அந்த இடத்தில் கையின் சுற்றளவை எடுத்தார். 38 செ.மீ. "இந்தக் குறிப்பேட்டை வெச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது சார், பெரிய கஃப் வாங்கிட்டு மறுபடி பாருங்க" என்றார். கஃப் என்பது கைப்பட்டைக்கு மருத்துவமனைகளில் வழங்கும் பெயர்.

அளவு தவறினால் எண் ஏன் தவறுகிறது என்பது கருவி வேலை செய்யும் முறையை அறிந்தால் எளிதில் விளங்கும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கைத்தசையை அழுத்தி, அதன் வழியே உள்ளே ஓடும் தமனியை நெருக்குகிறது. காற்று மெல்ல இறங்கும்போது, ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் தமனி விம்முவதால் பட்டைக்குள் சிறு அதிர்வு உண்டாகிறது. அந்த அதிர்வு எந்த அழுத்தத்தில் மிகப் பெரிதாக இருக்கிறதோ அதைச் சராசரி அழுத்தமாகக் கொண்டு, மேல் அளவையும் கீழ் அளவையும் கருவி தன் சொந்தக் கணக்கின்படி வகுத்துக் காட்டுகிறது. அந்தக் கணக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. வெளியே சொல்லவும் மாட்டார்கள். ஆக, திரையில் வரும் இரண்டு எண்களும் நேராக அளந்தவை அல்ல, அதிர்விலிருந்து கணித்தவை. பை சிறியதாகவும் கை பெரியதாகவும் இருந்தால், பட்டையின் அழுத்தம் முழுவதும் ஆழத்தில் உள்ள தமனியைச் சென்று சேர்வதில்லை. தமனியை நெருக்கக் கூடுதல் காற்று தேவைப்படுகிறது. அந்தக் கூடுதல் காற்றின் அழுத்தத்தையும் என் ரத்தத்தின் அழுத்தமாகவே கருவி எழுதிவிடுகிறது. இதனால்தான் பையின் நீளம் கைச் சுற்றளவில் 80 விழுக்காடாவது இருக்க வேண்டும், அகலம் 40 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்று மருத்துவ நெறிமுறைகள் வகுத்திருக்கின்றன.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறையும் அன்று. 1896-இல் இத்தாலியின் டூரின் நகரில் ரிவா-ரோச்சி என்ற மருத்துவர் மேற்கையில் சுற்றும் ரப்பர் பட்டையை அறிமுகப்படுத்தியபோது அதன் அகலம் ஏறத்தாழ 5 செ.மீ. மட்டுமே. அவ்வளவு குறுகிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்று 1901-இலேயே ஜெர்மானிய மருத்துவர் ரெக்லிங்ஹௌசன் சுட்டிக்காட்டி, அகலமான பட்டையைப் பரிந்துரைத்தார். அதாவது, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கும், ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவின் முறை 1905-இல் வருவதற்கும் முன்பே பட்டையின் அளவு ஒரு சிக்கலாக அறியப்பட்டிருக்கிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நான் வாங்கிய பெட்டிக்குள் ஒரே அளவுதான் வருகிறது.

தவறு எவ்வளவு பெரியதாக இருக்கக்கூடும் என்பதை அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 195 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு அளந்து காட்டியது. ஒவ்வொருவருக்கும் சரியான பட்டையிலும் பொருந்தாத பட்டையிலும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 4.8 மில்லிமீட்டர் (ரத்த அழுத்தத்தை அளக்கும் பாதரச அலகு) கூடுதலாகக் காட்டியது. மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கோ 19.5 மில்லிமீட்டர் கூடுதல்: உண்மையில் 124.5 ஆக இருந்தது 144 என்று பதிவானது. உயர் ரத்த அழுத்தமே இல்லாத ஒருவர் சிறிய பட்டை ஒன்றினால் நோயாளி ஆகிவிடுகிறார் என்பதே இதன் பொருள். மெலிந்த கைக்குப் பெரிய பட்டையைக் கட்டினால் தவறு எதிர்த்திசையில் போகும். அந்த ஆய்வில் 3.6 மில்லிமீட்டர் குறைத்துக் காட்டியது. ஆகவே, பெரியதாகவே ஒன்றை வாங்கி வைத்தால் வீட்டில் எல்லோருக்கும் ஆகும் என்று நினைப்பதும் சரியல்ல.

பெரிய பட்டையைத் தேடிய கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கருவியை வாங்கிய கடையில், அப்படி ஒன்று தனியாக வருவதே தெரியாது என்றார்கள். இன்னொரு கடையில், பட்டையே வேண்டாம், மணிக்கட்டில் கட்டும் கருவியை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். என் மைத்துனரிடம் அந்த வகை இருந்ததால் இரண்டு நாள் வாங்கி வந்து பார்த்தேன். மணிக்கட்டு இதயத்தின் மட்டத்திலிருந்து 10 செ.மீ. கீழே இறங்கினால் இடையிலுள்ள ரத்தத்தின் எடையினாலேயே ஏறத்தாழ 7 அல்லது 8 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும், மேலே போனால் அதே அளவு குறையும். கையை மடக்கி நெஞ்சருகே அசையாமல் பிடித்தால்தான் ஓரளவு நம்பலாம். மேற்கையில் எந்தப் பட்டையும் பொருந்தாதவர்களுக்கு அது ஒரு மாற்றுவழியாக இருக்கலாம். எனக்கு அது தேவைப்படவில்லை. இறுதியில் என் கருவிக்குப் பொருந்தும் 32–42 செ.மீ. பட்டையை இணையத்தில் வரவழைத்தேன். விலை 1,150 ரூபாய், வந்து சேர ஒன்பது நாள். கருவியின் விலையில் பாதிக்கு மேல் ஒரு துணிப்பட்டைக்குப் போனது. வேறு நிறுவனத்தின் பட்டை மலிவாகக் கிடைத்தாலும் குழாயின் முனை பொருந்தினாலும் வாங்க வேண்டாம். கருவியின் கணக்கு அதற்கென வகுத்த பட்டைக்கே சரியாக வரும்.

அதன் பிறகு இரண்டு பட்டைகளையும் ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தேன். சிறிய பட்டையில் சராசரி மேல் அளவு 149, பெரிய பட்டையில் 141. ஒருவருடைய கையில் ஒரு வாரம் எடுத்த கணக்கு ஆய்வாகாது என்பது தெரியும். ஆயினும் எட்டுப் புள்ளி வேறுபாட்டைக் கண்ட மகிழ்ச்சியில், எனக்கு நோயே இல்லை, எல்லாம் பட்டை செய்த வேலை என்று வீட்டில் அறிவித்துவிட்டு, அன்று இரவு மூன்றாவது தோசைக்கும் துணிந்தேன்.

மருத்துவர் அந்த மகிழ்ச்சியைக் கெடுத்தார். வீட்டில் எடுக்கும் அளவு 135/85-ஐத் தொட்டாலே மருத்துவமனையில் 140/90 என்பதற்குச் சமம். என் புதிய சராசரி 141/89. பட்டை கூட்டிக் காட்டியது எட்டுப் புள்ளி. மீதி முழுவதும் என்னுடையது. பருத்த உடல் ரத்த அழுத்தக் கருவியை இரண்டு வழிகளில் ஏமாற்றுவதில்லை, ஒரு வழியில்தான் ஏமாற்றுகிறது. இன்னொரு வழியில் அது உண்மையாகவே அழுத்தத்தை ஏற்றுகிறது என்பதை அவர் பொறுமையாக விளக்கினார்.

அந்த விளக்கத்தை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் சுமை என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அது ஓயாமல் சுரக்கும் ஒரு திசு. ரத்த நாளங்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்னும் பொருளுக்கு மூலமான புரதத்தைக் கல்லீரலோடு சேர்ந்து கொழுப்புத் திசுவும் உண்டாக்குகிறது. அந்தத் தொடரின் கடைசியில் அட்ரினல் சுரப்பி அல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரந்து, உப்பை வெளியே விடாமல் பிடித்துவைக்குமாறு சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுகிறது. உப்பு தங்கினால் நீரும் தங்கும். கொழுப்புச் செல்கள் வெளியிடும் லெப்டின் என்னும் ஹார்மோனோ, உடலைப் பதற்ற நிலைக்கு முடுக்கும் பரிவு நரம்புகளை மூளையின் வழியாகத் தூண்டிவிடுகிறது. அந்த நரம்புகளும் சிறுநீரகத்திடம் உப்பைப் பிடித்துவைக்கவே சொல்கின்றன. இவை போதாதென்று, வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சிறுநீரகத்தைச் சுற்றிப் படிந்து அதை வெளியிலிருந்தே நெருக்குகிறது. இப்படி மூன்று பக்கமும் நெருக்கப்பட்ட சிறுநீரகம், பழைய அளவு உப்பை வெளியேற்றவே முன்னைவிட உயர்ந்த அழுத்தத்தைக் கேட்கிறது. உடலும் அந்த அழுத்தத்தைக் கொடுத்துவிடுகிறது. கைப்பட்டை வெளியே இறுகினால் எண் பொய்யாக ஏறுகிறது என்றால், உள்ளே கொழுப்புப் பட்டை இறுகும்போது எண் மெய்யாகவே ஏறுகிறது.

இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பே இதில் மோசமானது என்பதால், இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற வரம்பை மருத்துவர்கள் எடையோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். அதே அளவுநாடாவால் என் இடுப்பையும் அளந்தார், 112. பிறகு, உறங்கும்போது குறட்டை விடுவேனா என்று என் மனைவியைப் பார்த்துக் கேட்டார். அவர் சிரித்ததே பதிலாக அமைந்தது. கழுத்திலும் தொண்டையிலும் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரக்கூடும். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் உடல் பதறி நரம்புகளை முடுக்கிவிடுவதால், இரவில் இறங்க வேண்டிய அழுத்தம் இறங்காமல் நின்றுவிடும். இதற்கெனத் தனியாக உறக்கப் பரிசோதனை உண்டு.

என்னைப் போன்றவர்கள் சிலரே என்றால் உற்பத்தியாளர்கள் ஒரே அளவுப் பட்டையைப் போட்டு அனுப்புவதை ஏற்கலாம். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2008 முதல் 2020 வரை நாடெங்கும் 1,13,043 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியான பெரிய ஆய்வு, நம் பெரியவர்களில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தமும், 28.6 விழுக்காட்டினருக்கு உடல் பருமனும், 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமனும் இருப்பதாகச் சொல்கிறது. பருமன் உள்ள எல்லோருடைய கையும் 32 செ.மீ.-ஐத் தாண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எடையினால் அழுத்தம் ஏறி, அதனாலேயே கருவியை வாங்கக் கடைக்கு வருகிறவரின் கைதான் பெட்டியில் உள்ள பட்டைக்குள் அடங்காமல் போகும் வாய்ப்பு மிகுதி. இந்தக் கருவி எவருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது தவறாகக் கணக்குச் சொல்கிறது. 22 முதல் 42 வரை ஒரே பட்டையில் அடங்கும் சில வகைகள் சந்தையில் உண்டு. முன்பே தெரிந்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

பட்டையைத் தவிர்த்துப் பார்த்தால் கருவியிடம் குறை சொல்ல அதிகம் இல்லை. எண்கள் கண்ணாடி இல்லாமலே தெரிகின்றன. நான்கு சிறிய மின்கலங்கள் மூன்று மாதங்களுக்கு மேல் தாங்கின. மின்சாரத்தில் இயக்கும் அடாப்டர் உடன் வராது. அறுபது பதிவுகள் நினைவில் தங்கும் என்றாலும் நானும் மனைவியும் பார்ப்பது ஒன்றாகக் கலந்துவிடுவதால், பழையபடி குறிப்பேட்டில்தான் எழுதுகிறோம். துடிப்பு சீராக இல்லாவிட்டால் ஒரு சிறு இதயக்குறி மின்னும். கையை ஆட்டினாலும் அதே குறி மின்னுவதால் முதல் முறை வீண் பதற்றம்.

பயன்படுத்தும் முறையைப் பற்றிக் கையேட்டில் உள்ளது சரியானதே, ஆனால் ஆறாம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. காபி குடித்த அரை மணிக்குள் பார்க்கக் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்க்கக் கூடாது. முதுகு சாய்ந்து, கால்கள் தரையில் பதிந்து, கை மேசையில் இதயத்தின் மட்டத்தில் இருக்க ஐந்து நிமிடம் பேசாமல் அமர வேண்டும். எங்கள் வீட்டில் ஐந்து நிமிடம் எவரும் பேசாமல் இருப்பது அழுத்தத்தைக் குறைப்பதைவிடக் கடினமான செயல். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், ஏழு நாள் பார்த்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாள்களின் சராசரியை எடுப்பதே மருத்துவர் எனக்குச் சொன்ன முறை. சட்டைக் கையின் மீது பட்டையைக் கட்டக் கூடாது. பருத்தவர்களின் மேற்கை தோளருகே அகன்றும் முழங்கையருகே குறுகியும் புனலைப் போல இருப்பதால், நேரான பட்டை கீழ்ப்பக்கம் இடைவெளி விட்டு நழுவும். கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்கிறேன்.

பிற நோய்கள் எதுவும் இல்லாததால், மாத்திரை தொடங்குவதற்கு முன் எடையைக் குறைத்துப் பார்க்க எனக்குக் காலம் கொடுத்தார் மருத்துவர். இது என் நிலைக்கு அவர் எடுத்த முடிவு. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் பட்டையைப் பற்றிப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விட்டேன். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை ஒரு வீட்டில் சரியாகக் கணக்கிட முடியாது என்றாலும் இவற்றை விட்டாலே பாதி வழி வந்ததுபோல் ஆகிறது. இரவுச் சாப்பாட்டைக் குறைத்தேன், காலையில் நடந்தேன். பத்து மாதத்தில் 9 கிலோ குறைந்து 95 ஆயிற்று. எடை குறைப்பைப் பற்றிய 25 ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் வெளியான ஆய்வு, ஒரு கிலோ குறைந்தால் மேல் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இறங்கும் என்று கணக்கிட்டது. என் குறிப்பேட்டில் இப்போதைய சராசரி 133/84. அதே பெரிய பட்டையில் 141 இருந்தது 133 ஆகியிருக்கிறது. கணக்கோடு ஒட்டியே வருகிறது. வரம்புக்குள் வந்துவிட்டேனே தவிர வரம்பை விட்டு விலகி வந்துவிடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை குறிப்பேட்டுடன் வரச் சொல்லியிருக்கிறார்.

கருவிக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தரலாம். அதை விற்கும் முறைக்கு ஒன்றுகூடத் தர மனமில்லை. வாங்கப் போகிறவர்கள் வீட்டிலேயே ஒரு நாடாவால் மேற்கையின் நடுவில் அளந்து, அந்த எண்ணைக் கடையில் சொல்லிக் கேளுங்கள். அந்த வகைக் கருவி முறையாகச் சரிபார்க்கப்பட்டு ஏற்கப்பட்டதா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கைச் சுற்றளவு இப்போது 36 செ.மீ. பெட்டியோடு வந்த பட்டை என் மனைவியின் 27 செ.மீ. கைக்கு மிகச் சரியாகப் பொருந்துவதால் அது அவருக்குப் போய்விட்டது. சென்ற மாதம் என் அண்ணனுக்காக அதே சர்ஜிக்கல் கடைக்குத் தொலைபேசியில் அழைத்துப் பெரிய பட்டை இருக்கிறதா என்று கேட்டேன். "ஆர்டர் போட்டா வரும் சார், ஆனா யாரும் கேக்கறதே இல்ல" என்றார்கள்.